கடலூர் வந்தது, கடலூர் போனது

கடலூர் முதுநகரில் இருக்கும் என் வீட்டுக்கும் சிதம்பரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர். பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். கொஞ்சம் கண்ணயர்ந்தால், விழிக்கும்போது வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் இருப்போம். 2011 டிசம்பரில் இந்தத் தூரத்தைக் கடக்க ஒரு செய்திக்கு இரண்டு நாள் பிடித்தது.

தானே புயல் டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்றின் வேகம் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். எங்களுக்கு அப்போது தெரிந்ததெல்லாம் ஓசைதான். பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்த கதையை அந்த வட்டாரத்துக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. கைபேசிக் கோபுரங்கள் சிறிது நேரம் டீசலில் உயிர் வைத்திருந்துவிட்டு அடங்கின. அன்று மாலை ஐந்தேகால் மணிக்கு அப்பா இறந்தார். நெஞ்சுவலி. புயல் கடந்து, காற்று ஓய்ந்து, ஊரே வெளியே வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

அக்காவுக்குச் சொல்ல வழியில்லை. பக்கத்து வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். இருட்டில் சாலையை அடைத்துக் கிடந்த மரங்களைத் தாண்ட முடியாமல் ஆலப்பாக்கத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டான். மறுநாளும் பேருந்து இல்லை. மின்சாரம் இல்லாத ஊரில் உடலை எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும்? 31ஆம் தேதி மாலை எடுத்துவிட்டோம். ஜனவரி 1 அன்று அக்கா வந்தாள். கடலூரே இருட்டில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, அப்பாவுக்காக ஒரு பை நிறைய மெழுகுவர்த்தியும் பிஸ்கட்டும் கொண்டு வந்திருந்தாள். அழுது முடித்த பிறகு அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை மணிக்குடா?" சொன்னேன். அதற்கப்புறம் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்தக் கட்டுரை ரேடியோ பற்றியது. ஆனால் அந்தப் பையிலிருந்துதான் இதைத் தொடங்க முடிகிறது.

ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலியில் எனக்கு ஈடுபாடு வந்தது அதற்குப் பிறகுதான். 2004 சுனாமியின்போது அந்தமானில் நடந்ததைப் படித்திருந்தேன். டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலியாளர், பொழுதுபோக்குப் பயணமாக ஒரு குழுவுடன் போர்ட் பிளேருக்குப் போய் நிலையம் அமைத்திருந்தார். உலகெங்கும் உள்ள சக ஹாம்களுடன் பேசி மகிழ்வதற்காகப் போனவர்கள் அவர்கள். டிசம்பர் 26க்குப் பிறகு அதே கருவிகள் தீவுகளுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே உறவினர்களைத் தேடும் செய்திகளைச் சுமந்தன. நானும் மத்திய அரசின் தேர்வை எழுதினேன். மோர்ஸ் தட்டத் தெரியாதவர்களுக்கான கீழ்ப்படி உரிமம் கிடைத்தது. வியூ3 என்று தொடங்கும் ஓர் அழைப்புக்குறி. கையடக்கக் கருவி ஒன்றும் வாங்கினேன். அதற்குப் பிறகுதான் அசட்டுத்தனம் உறைத்தது. என்னிடம் உரிமம் இருக்கிறது, அக்காவிடம் இல்லையே! ஐம்பதைத் தாண்டியவளை உட்கார வைத்து ஓம் விதியும் அலைநீளச் சூத்திரமும் சொல்லிக்கொடுக்க முயன்றேன். இரண்டாவது வாரம், "எனக்குப் புளி கரைக்கிற வேலை இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள்.

வலைப்பின்னல் வானொலி என்ற எண்ணத்தைக் கொண்டுவந்தவர் என்னைவிட இருபது வயது இளைய நண்பர் ஒருவர். அண்ணாமலைநகரில் பொறியியல் படித்தவர். விஷயம் எளிமையானது. வீட்டுக்கு வீடு இருக்கும் ரூட்டர் போன்ற சிறு வானொலிக் கருவிகளை மொட்டைமாடிகளில் நிறுத்திவிட வேண்டியது. ஒவ்வொன்றும் ஒரு கணு. தனக்குக் கேட்கும் அண்டைக் கணுக்களை ஒவ்வொரு கணுவும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்; தனக்குக் கேட்பவர்களின் பட்டியலை மற்றவர்களுக்கும் சொல்லும். இப்படிச் சொல்லிச் சொல்லி, யார் வழியாக யாரை அடையலாம் என்ற வரைபடம் எல்லாக் கணுக்களுக்கும் தெரிந்துவிடும். ஒரு கணு விழுந்தால், வேறு வழி இருக்கும் பட்சத்தில், செய்தி அதன் வழியே போகும். நடுவில் ஒரு நிறுவனமும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. அமெச்சூர்கள் அவசரகாலத் தகவலுக்காக உருவாக்கிய ஏ.ஆர்.இ.டி.என். என்ற ஃபர்ம்வேர், அதாவது நிலைபொருள், இலவசமாகக் கிடைக்கிறது. 2018 அக்டோபரில் மத்திய அரசு ஐந்து கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசைகளை உரிமம் தேவையற்றவையாக அறிவித்திருந்தது. அதற்குள்ளேயே, அனுமதித்த திறனுக்குள்ளேயே இயங்கினால் அக்காவும் தாராளமாகச் செய்தி அனுப்பலாம். ஓம் விதி வேண்டாம்.

இந்தக் கடற்கரைக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, தொலைபேசியை நம்ப முடியாத காரணத்தால், வில்லியனூரை மையமாக வைத்து வி.எச்.எஃப். வானொலி வழியாகவே கணினித் தகவல்களை ஊர்களுக்கு அனுப்பினார்கள். கடலூருக்குச் சற்று வடக்கே இருக்கும் நல்லவாடு அப்படி ஒரு மையம் இருந்த மீனவக் கிராமம். சுனாமி அன்று சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்து, கரையிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள். அந்தக் கதையில் என்னை எப்போதும் நிறுத்தி வைப்பது அந்த உடைந்த கதவுதான்.

ஆறு கணுக்கள் என்று திட்டம் போட்டோம். கடலூர் முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம். ஏறத்தாழ ரயில் பாதை போகும் வழியேதான். மாடி கொடுத்தவர்களில் ஓர் அரிசி ஆலைக்காரரும் உண்டு. பரங்கிப்பேட்டையில் ஒரு காலத்தில் படகுகள் வைத்திருந்த ஒரு பாயும் உண்டு. 'மாசம் எவ்வளவு கரண்டு இழுக்கும்?' என்பதைத் தவிர ஒருவரும் வேறு கேள்வி கேட்கவில்லை.

ஃபர்ம்வேர் ஏற்றும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. என் வாழ்நாளில் இவ்வளவு பொறுமையை நான் வேறெதற்கும் செலவழித்ததில்லை. கடையில் வாங்கும் கருவிக்குள் அதன் உற்பத்தியாளர் எழுதிய மென்பொருள் இருக்கும். அதை அழித்துவிட்டு நம்முடையதை உள்ளே வைக்க வேண்டும். இப்படிச் செய்ய முடிகிறதே என்பதற்குப் பின்னால் ஒரு சிறு வரலாறு உண்டு. 2002இல் லிங்க்சிஸ் நிறுவனம் வெளியிட்ட ஒரு நீலநிற வீட்டு ரூட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிம விதிப்படி மூலநிரலைத் தந்தாக வேண்டும் என்று கேட்டார்கள். 2003இல் நிறுவனம் அதை வெளியிட்டது. அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. அதே நீலநிற ரூட்டரில்தான் டெக்சாஸ் மாநில ஹாம்கள் தங்கள் முதல் வலைப்பின்னலைச் சோதித்தார்கள். நாங்கள் பயன்படுத்துவது அந்த வம்சத்தின் பிள்ளை.

முறை இதுதான். கணினியின் முகவரியைக் கையால் 192.168.1.10 என்று மாற்ற வேண்டும். கருவியின் மீட்டமைப்புப் பொத்தானை ஒரு குண்டூசியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்சாரம் கொடுக்க வேண்டும். அப்போது அது தன் பழைய நினைவைப் பார்க்காமல், கம்பியின் மறுமுனையில் யாராவது தனக்கு உயிர் தருவார்களா என்று கூவும். அந்தச் சில விநாடிகளுக்குள் கணினி பதில் சொல்லிக் கோப்பைக் கொடுத்துவிட வேண்டும். பொத்தானைச் சீக்கிரம் விட்டால் பழைய மென்பொருளே எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதல் கருவி நான்கு நாள் எங்களை அலைக்கழித்தது. கூவல் வருகிறது, கோப்பு போகவில்லை. முதல் நாள் கம்பியைச் சந்தேகித்தோம். இரண்டாம் நாள் கோப்பைச் சந்தேகித்து மறுபடி தரவிறக்கினோம். மூன்றாம் நாள் கணினியின் தீயரண் அந்தக் கூவலை அந்நியனின் குரல் என்று கருதித் தடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அதை அணைத்தோம். அப்போதும் நடக்கவில்லை. கருவி ஒவ்வொரு முறை அணைந்து எரியும்போதும் கம்பி இணைப்பு ஒரு கணம் அறுகிறது. கணினி உடனே தன் முகவரியைக் கைவிட்டுவிடுகிறது. அது சுதாரித்து எழுவதற்குள் கூவல் நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருநூறு ரூபாய்க்குக் கிடைத்த ஒரு பழைய ஸ்விட்ச் பெட்டியைச் செருகினோம். கணினியின் பக்கம் இணைப்பு அறுபடவே இல்லை. நான்காம் நாள் கோப்பு போய்விட்டது.

நானும் நண்பரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவசரப்பட்டுவிட்டோம். முதலில் போகும் அந்தக் கோப்பு தற்காலிக நினைவில் மட்டுமே குடியிருக்கும். உடனே உலாவியில் உள்ளே நுழைந்து இரண்டாவது கோப்பைக் கொடுத்தால்தான் அது நிரந்தரமாகப் பதியும். நாங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் மின்சாரம் போய் வந்தது. திரும்பி வந்து பார்த்தால் கருவி பழைய பெயரிலேயே எங்களை வரவேற்றது.

ஆறும் ஏறி முடிந்தபின் கணுக்களை ஒன்றோடொன்று பேச வைப்பது அடுத்த படலம். ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் ஒரே அலைவரிசை வைத்தும் ஒருவரையொருவர் அடையாளமே கண்டுகொள்ளவில்லை. ஒன்றில் பட்டை அகலம் 10 மெகாஹெர்ட்ஸ் என்றும் மற்றதில் 20 என்றும் இருந்தது. அகலம் மாறினால் இந்த ஃபர்ம்வேர் வலையின் பெயரையே மாற்றிவிடுகிறது. ஒரே தெருவில் குடியிருந்தாலும் வேறுவேறு ஊர்க்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். இன்னோரிடத்தில் இணைப்பு இருந்தும் செய்தி ஆமையாக நகர்ந்தது. தூரம் என்ற கட்டத்தில் யாரும் எதுவும் நிரப்பாததே காரணம். ஒரு கணு அனுப்பிய துணுக்குக்கு மறுமுனை 'கிடைத்தது' என்று பதில் சொல்ல வேண்டும். குறித்த நேரத்தில் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். ஆறு கிலோமீட்டர் தூரத்துக்கு அலை போய்த் திரும்ப 40 மைக்ரோ விநாடி ஆகும். அறைக்குள் பேசுவதற்காகச் செய்த கருவிக்கு அது பெரிய காத்திருப்பு. பதில் வந்துகொண்டிருக்கும்போதே பொறுமையிழந்து திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. (எனக்குத் தெரிந்த சில மனிதர்களும் இப்படித்தான். பெயர் சொல்வதற்கில்லை.)

அக்கா வீட்டில் கணுவைப் பொருத்தியபோது, "அதான் போன் இருக்கே, இது எதுக்கு?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, வை" என்றாள். அவளுடைய பழைய கைபேசியில் கணுக்களின் பெயர்ப் பட்டியல் தெரியும்படி செய்து கொடுத்தேன். பட்டியலில் கடலூர் என்ற பெயர் இருந்தால் எனக்கு எழுதலாம். இல்லையென்றால் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. அமெச்சூர் மரபில் மறைகுறியாக்கம் கிடையாது, எழுதுவதை வலையில் இருப்பவர் யாரும் படிக்கலாம் என்று எச்சரித்தேன். "நான் என்ன பெருசா எழுதிடப் போறேன்" என்றாள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் பல பகுதிகள் மூழ்கின. எங்கள் வலை எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த நாள் வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் கைபேசி வேலை செய்தது, எங்கள் வலைதான் முதலில் விழுந்தது. அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, "என்னடா, உன் மிஷின்ல கடலூரைக் காணோம், நல்லா இருக்கியா?" என்று கேட்டாள். வலை இல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு அந்தப் பயமாவது மிச்சமாகியிருக்கும்.

தொடர்ந்து சில நாள் வெயில் முகமே தெரியாததால் சூரியத் தகடுகளுக்கு வேலையில்லை, பேட்டரிகள் வற்றிவிட்டன. ஆனால் கருவிகள் கௌரவமாக அணைந்திருந்தால் வெயில் வந்ததும் எழுந்திருக்க வேண்டும் அல்லவா? இரண்டு கணுக்கள் எழவில்லை. இங்கே எங்களுக்குக் கைகொடுத்தது தேனி. அரவிந்த் கண் மருத்துவமனை தேனியையும் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களையும் நெடுந்தூர வைஃபை மூலம் இணைத்து, கிராமத்து நோயாளி மருத்துவரோடு காணொளியில் பேச வழி செய்திருந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடனிருந்து கட்டிய வலை அது. அந்த அனுபவத்தையும் தர்மசாலாவின் ஏர்ஜல்தி வலையின் அனுபவத்தையும் சேர்த்து 2008இல் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். வானொலி பற்றிய கட்டுரை என்று நினைத்துத் திறந்தால் பாதிக்கு மேல் மின்சாரத்தின் தரம் பற்றிய புலம்பல். பெரும்பாலான கோளாறுகளின் மூலம் அதுதான் என்கிறார்கள். மின்னழுத்தம் முழுதாகப் போனால் ஆபத்தில்லை. அரைகுறையாகத் தாழ்ந்தால் கருவி சாகவும் மாட்டாமல் பிழைக்கவும் மாட்டாமல் உறைந்து நின்றுவிடும். ஒரு அளவுக்குக் கீழே போனதும் இணைப்பைத் துண்டித்துவிடும் சிறு சுற்று ஒன்றைப் பொருத்தச் சொல்கிறார்கள். பொருத்தினோம். அதன்பிறகு கணுக்கள் விழுந்தால் விழுந்தன, எழுந்தால் எழுந்தன.

அந்தக் கோளாறு தீர்ந்த பிறகுதான் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்று வெளியே வந்தது. பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் இடையிலான தொடுப்பு நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் போல, காணாமல் போயிற்று. தானாகவே திரும்பி வந்தது. வெள்ளாற்றின் கழிமுகத்தையும் உப்பங்கழியையும் தாண்டிப் போகும் தொடுப்பு அது. நடுவில் மரமோ கட்டடமோ இல்லை. எல்லாத் தொடுப்புகளிலும் இதுதான் நன்றாக இருக்கும் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

ஃபர்ம்வேரின் புதிய பதிப்பை ஏற்றினோம், பழைய பதிப்புக்குத் திரும்பினோம். இணைப்பு முனைகளில் படிந்த கடல் உப்பைச் சுரண்டினோம். கம்பத்தை நான்கடி உயர்த்தினோம். உயர்த்திய அன்று முழுக்க இணைப்பு அறவில்லை. வெற்றி என்று நினைத்தோம். மறுநாளிலிருந்து வேறு நேரத்தில் அறுந்தது. நண்பர் கணுவின் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். அதிலிருந்த நேரங்களை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்தக் கருவிகளுக்குள் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. இணையத்தில் நேரம் கேட்டுத்தான் சரிசெய்துகொள்ளும். எங்கள் வலையிலோ இணையமே இல்லை. ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் கணு தன் பிறந்த நாளிலிருந்து வாழ்க்கையைத் தொடங்கிக்கொண்டிருந்தது.

"நான் எழுதி வச்சிருக்கேனே" என்றாள் அக்கா.

நாட்காட்டியில் கிழித்த தினத்தாள்களை ஒரு கிளிப்பில் கோத்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் எழுதியிருந்தாள். 'காலை 4.10 கடலூர் போச்சு. 6 மணி கடலூர் வந்தது. சாயங்காலம் 4.35 கடலூர் போச்சு.' அடுத்த தாள்: 'காலை 5.00 கடலூர் போச்சு.' அதற்கடுத்தது 5.50. இப்படிப் பதினேழு தாள்கள். அவள் விடியற்காலை நான்கு மணிக்கு விழித்துப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ஏன் என்று நான் கேட்கவில்லை.

தாள்களை எடுத்துக்கொண்டு பரங்கிப்பேட்டை மாடிக்குப் போனோம். தினமும் ஏன் முக்கால் மணி, ஐம்பது நிமிஷம் என்று தள்ளிப்போகிறது என்று நானும் நண்பரும் வாதாடிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கார பாய் தாள்களை வாங்கி முதலில் முன்பக்கத்தைத்தான் பார்த்தார். அமாவாசை அச்சிட்ட தாளை எடுத்துத் திருப்பினார். அன்று இணைப்பு வழக்கத்தைவிட அதிக நேரம் அறுந்திருந்தது. "தம்பி, இது கழிமுகத்துல தண்ணி ஏர்ற நேரம்ல. கணக்கு அப்படியே இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். அவருக்கு அது ஒரு கண்டுபிடிப்பே இல்லை. கிழமை சொல்வது போலச் சொன்னார்.

பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டதும் எல்லாம் பொருந்தியது. கிள்ளையிலிருந்து வரும் அலை ஒன்று நேராக வருகிறது. இன்னொன்று உப்பங்கழி நீரில் பட்டுத் தெறித்து வருகிறது. இரண்டும் ஒத்து வந்தால் கூடும். எதிரெதிராக வந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். நாங்கள் பயன்படுத்தும் அலையின் நீளம் ஐந்து சென்டிமீட்டர் சொச்சம். இங்கே கடலோதம் பெரிதில்லை, இரண்டு மூன்றடிதான். நீர்மட்டம் இரண்டடி ஏறினால் அந்த இரு பாதைகளின் நீள வேறுபாட்டில் வரும் மாற்றம் முக்கால் சென்டிமீட்டர். ஏற்கெனவே அழிவின் விளிம்பில் நிற்கும் தொடுப்புக்கு அது போதும். முன்பு நீர் வற்றும்போது அறுந்துகொண்டிருந்ததை, கம்பத்தை நான்கடி உயர்த்தி, நீர் ஏறும்போது அறும்படி மாற்றி வைத்திருந்தோம். எங்கள் உழைப்பின் பயன் அவ்வளவுதான்.

தீர்வு, கீழே இறக்குவது. முதலில் இருந்த உயரத்தைவிடவும் பத்தடி கீழே. வானொலிக்காரன் ஒருவனைக் கம்பத்தைக் குறைக்கச் சொல்வது, மீனவனிடம் கரையில் நின்று வலை வீசச் சொல்வதைப் போன்றது. நண்பர் அரைமனதோடுதான் திருகாணிகளைக் கழற்றினார். "அண்ணா, ஒரு வாரம் பாப்போம், சரிப்படலைன்னா மேலயே ஏத்திடுவேன்" என்றார். பிறகு ஏற்றவில்லை. நீர் ஏறி வற்றுவதற்கேற்ப இணைப்பின் வலு இப்போதும் ஏறி இறங்குகிறது. ஆனால் அறுவதில்லை.

சென்ற முறை சிதம்பரம் போனபோது, அக்கா சமையலறையில் இருந்த நேரத்தில் அந்தக் கிளிப் கண்ணில் பட்டது. கனத்திருந்தது. இணைப்பு நிலைத்து மாதக்கணக்கான பிறகும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள். பெரும்பாலான தாள்களில் ஒரே ஒரு வரி. சிலவற்றில் பால் கணக்கும் கலந்திருக்கிறது. புரட்டிக்கொண்டே போனேன். டிசம்பர் 30 தாளின் பின்னால் பென்சிலில் எழுதியிருந்தது: 'சாயங்காலம் 5.15. கடலூர் இருக்கு.'

தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பேட்டரி முனைகளில் பூத்திருந்த உப்பைத் துடைக்க வேண்டியிருந்தது.